பின்னால் வந்த விளக்கு

மேலாளர் அறையில் காலை பத்தரை மணிக்கு நான்கு பேர் இருந்தார்கள். மேலாளர் தம் சுழல் நாற்காலியில். எதிரே, நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு, இஸ்திரிப் பிரிவில் வேலை செய்யும் பெண். அவள் தோளில் கை வைத்தபடி, அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் அக்கா. எப்போதும் போல எழுதும் சிறு மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடிதம் எழுதத் தயாராக, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா.

மேலாளரின் மேஜை நடுவில், சைக்கிள் கைப்பிடியிலிருந்து கழற்றிய வட்டக் கண்ணாடி ஒன்று கிடந்தது. அந்தப் பெண் அதன் பக்கமே பார்க்கவில்லை.

“இதுலதான் சார் தெரிவான்.”

“முகம் தெரிஞ்சுதாம்மா?”

“முகம் எங்க சார்? ஒத்த விளக்குதான். வாய்க்கால் ரோட்டுல திரும்பினதும் பின்னாடி வந்து ஒட்டிக்குவான். நான் வேகமா மிதிச்சா அவனும் மிதிப்பான். நின்னா நிப்பான். எனக்குக் கால் வேர்த்து மிதியில நிக்க மாட்டேங்குது.”

“முந்திப் போனதே இல்லையா?”

“ஓரமா ஒதுங்கி வழி விட்டுப் பாத்தேன். போகல. பாலத்துக்கிட்ட தெரு விளக்கு வந்ததும் தானா பின்தங்கிடுவான்.”

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் ஆலை அது. முதல் ஷிப்ட் ஐந்தரைக்கு. முதல் பேருந்தோ ஆறே முக்காலுக்கு. சைக்கிளை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகப் போகிற நேரத்தில், “இந்த வாரத்தோட நின்னுடு” என்று கணவன் சொல்லிவிட்டான்.

“இவ சைக்கிள நீங்க பாக்கணும் சார்” என்றாள் அக்கா. “மழைக்காலத்துல பின்னாடி ஒரு செவப்பு லைட்டு வாங்கி மாட்டினா. அது எரியறது அடுத்த ஊர் வரைக்கும் தெரியும். அப்புறம் மினுங்கற பட்டை, ரெண்டு மணி, இந்தக் கண்ணாடி. இன்னும் ஒரு ஹாரன் வச்சுட்டா லாரின்னு நெனச்சு எல்லாரும் ஒதுங்கிடுவாங்க.”

மேலாளர் மட்டும் லேசாகச் சிரித்தார். “எத்தனை நாளா வர்றான்?”

“கண்ணாடி மாட்டினப்புறம்தான் சார் கவனிச்சேன். அதுக்கு முன்னாடி எத்தனை நாளோ, அதை நெனச்சாத்தான் இன்னும் நடுங்குது. நேத்து பயம் தாங்காம என் பின் லைட்டை அணைச்சிட்டேன். நான் இருக்கற இடம் தெரியக் கூடாதுன்னு. கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், பின்னாடி தடால்னு ஒரு சத்தம். அப்புறம் மணி அடிக்கறான் சார். விடாம அடிக்கறான். நான் திரும்பியே பாக்கல.”

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “நீங்களும் அந்த ரோட்டுலதானே வர்றீங்க? யாரையாவது பாத்தீங்களா?”

குமாஸ்தா பேனா மூடியைக் கழற்றினார். “இல்ல சார். எனக்கு ஒண்ணும் தெரியல.”

“இவரைப் போய்க் கேக்கறீங்களே” என்றாள் அக்கா. “விடியறதுக்கு முன்னாடி வாசல்ல நானே எதிர்ல நின்னாலும் கண்டுக்காம போற ஆளு. ஒரு வணக்கம் கிடையாது.”

காவல் நிலையத்துக்கு எழுதுவதென்று முடிவாயிற்று. மேலாளர் சொல்லச் சொல்ல, குமாஸ்தா வலது முழங்கை மேஜையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து அமர்ந்தன. ‘நாளை அதிகாலை வாய்க்கால் ரோட்டில் காவலர்களை மறைவாக நிறுத்தி, மேற்படி’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“மேற்படி அயோக்கியனைன்னு போடுங்க” என்றார் மேலாளர்.

“நபரைன்னே போடறேன் சார். கடுதாசிக்கு அதுதான் மரியாதை.”

கையெழுத்துப் போட்டதும் மேலாளர் எழுந்தார். கொதிகலன் பக்கம் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். “ஷிப்ட் முடிஞ்சு போற வழியில நீங்களே ஸ்டேஷன்ல குடுத்துடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று அக்காவும் கிளம்பினாள்.

அந்தப் பெண் தன் பெயருக்கு மேல் கையெழுத்திட்டாள்.

“பிடிச்சிடுவாங்களா ஐயா?”

“பிடிச்சிடுவாங்கம்மா. ஓடக்கூடிய ஆளா இருக்காது.”

குமாஸ்தா கடிதத்தை மூன்றாக மடித்தார். உறையில் இட்டு, பசை தடவி, ஓரங்களை விரலால் நீவினார். ஆலையின் வட்ட முத்திரையை, உறை ஒட்டின இடத்தின் மேல் சரியாகப் பதியும்படி குத்தினார். பிறகு எழுந்து வந்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். சட்டைக் கை விலகியதில், முழங்கையின் சிராய்ப்பு இன்னும் காயாமல் தெரிந்தது.

உறை அவள் கைக்குப் போன பிறகும் அவர் நகரவில்லை. அவள் ஓரடி பின்னால் போனாள். முதுகு கதவில் இடித்தது.

“கொண்டு போய்க் குடுத்துடுங்கம்மா. நான் வேண்டாங்கல” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “நாளைக்கு அந்தச் செவப்பு லைட்டை மட்டும் அணைச்சிடாதீங்க. இருட்டுல எனக்குக் கண்ணு தெரியாது.”