அடியில் கிடந்த பக்கம்

திரையில், கப்பல் டிக்கெட் பக்கத்தின் மூலையில் போன மாதத் தேதி இருந்தது. நெட் கடையில் வேலை பார்க்கும் ரூபா அதை இப்போதுதான் பார்த்தாள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான், அடுத்த கப்பலில் இடம் இல்லை என்று காலையில் அமிர்தவல்லியைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

அமிர்தவல்லியின் கணவர் நாகலிங்கத்துக்குப் போர்ட் பிளேரில் இதய ஆபரேஷன். இந்தக் கப்பலை விட்டால் டாக்டர் கொடுத்த நாள் போய்விடும்.

தீவு ஊரான கேம்பல் பேயில் நெட் மெதுவாகத்தான் வரும். அதனால் ஒருமுறை வந்த பக்கங்களைக் கடையின் சர்வர் சேமித்து வைக்கும். லைன் தடுமாறினால் அவற்றையே எடுத்துக் காட்டும்.

சில வாரங்களுக்கு முன்பு ரூபா டிஸ்கைப் பிரித்து, அந்தப் பக்கங்களுக்கென்று தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கினாள். பழைய ஃபோல்டரின் மேலேயே, ஒரு மூடி போட்டதுபோல, அதை மவுண்ட் செய்தாள்.

அடியில் இருந்த பழைய பக்கங்களை அழிக்கவில்லை. மேலே மூடியிருக்கும்வரை அவை யார் கண்ணிலும் படாது.

மவுண்ட் ஆகாவிட்டால் சர்வர் எழும்போதே பாதியில் நின்று எச்சரிக்கும். ஒருமுறை அப்படி நின்றபோது, கடைக்காரர் சொக்கலிங்கம் ஆட்கள் முன்னால் சிரித்தார்.

"அரே, எட்டாங்கிளாஸ்ல நின்னவ கையில சர்வரைக் குடுத்தா, அதுவும் பாதியிலதான் நிக்கும்."

அன்று மாலையே சர்வரின் செட்டிங்கில் இருந்த மவுண்ட் வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். இனி மவுண்ட் ஆகாவிட்டாலும் சர்வர் நிற்காது. ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிடும்.

இன்று காலை கரண்ட் போய் வந்தது. மவுண்ட் ஆகாமலே, ஒன்றும் சொல்லாமல்தான் சர்வர் எழுந்தது; அடியில் கிடந்த பழைய பக்கங்களைக் காட்டியது.

கையாலேயே மவுண்ட் செய்தாள். பக்கத்தைப் புதிதாக வரவழைத்தாள்.

இரண்டு இடம் இருந்தது.

மழையில் ஓடினாள். தப்பு என்னுடையது, தப்பு என்னுடையது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

அமிர்தவல்லி கட்டிவைத்த பையிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்பவும் வீட்டுக்குள் கட்டியிருந்த கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, யாரோ டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டாங்க. ரெண்டு சீட் இருக்கு. ஆதாரை எடுத்துட்டு வாங்க."

அமிர்தவல்லி அவள் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மழையில ஓடி வந்து சொல்றியே. வேற யாருக்குப் புள்ள இந்த மனசு வரும்?"

ரூபாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காலையிலிருந்து இடம் இல்லை என்று அவள் திருப்பி அனுப்பியவர்களில், அமிர்தவல்லியின் வீடு மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.