தனக்கென்று ஒரு பலகை

கடைக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. சுவரோரம் அலைச்சறுக்குப் பலகைகள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. தம்பியைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து கரைப் பக்கமே வராதவள், இன்று தனக்கென்று ஒரு பலகை எடுக்க வந்திருக்கிறாள். மெலிந்த சிவப்புப் பலகை ஒன்றின் கூர்முனையில் இவள் கை போய் நிற்கிறது. தம்பி வைத்திருந்தது அந்த மாதிரிதான். "அது நல்லாப் பழகினவங்களுக்குத்தான் அக்கா," என்கிறாள் கடைக்காரப் பெண். "புதுசா ஏறுறவங்களைக் கவுத்துடும். நீளமா, அகலமா, மெத்துனு இருக்கிற இதை எடுத்துக்குங்க." அந்த வெளிர்நீலப் பலகையை இவள் இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்குகிறாள். "இது என்னைத் தாங்குமா?" என்கிறாள். "தாங்கும். காலோட கட்டிக்கிற கயிறும் இருக்கு. நீங்க விழுந்தாலும் பலகை உங்களை விட்டுப் போகாது." இவள் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்கிறாள். வெளியே ஓர் அலை உடைந்து ஓய்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை நீட்டுகிறாள். "எப்படிக் கட்டணும்னு காட்டும்மா."