விசிலில் காற்று மட்டும்

காட்டுமன்னார்கோயில் பஸ் சிதம்பரத்தைத் தாண்டி ஓடுகிறது. காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை எல்லார் மடியிலும் கிடத்தியிருக்கிறது. கண்டக்டர் ஜேக்கப் கர்சீப்பால் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். எழுந்ததிலிருந்து அந்தக் கண் மூடமாட்டேன் என்கிறது. குடித்த டீயும் இடது கடைவாய் வழியே சட்டையில் வழிந்துவிட்டது. ராத்திரி ஜன்னலோரம் படுத்ததில் காற்று பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அடுத்த நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் பின்படியில் இறங்குகிறாள். அவள் ஒரு கால் இன்னும் படியில் இருக்கும்போதே கூட்டத்தில் யாரோ "ரைட், ரைட்" என்கிறார்கள். பஸ் நகர்கிறது. ஜேக்கப் விசிலை வாயில் வைத்து ஊதுகிறார். காற்று இடது உதட்டோரம் புஸ்ஸென்று போய்விடுகிறது. மறுபடியும் ஊதுகிறார், எச்சில்தான் தெறிக்கிறது. அவள் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடுகிறாள். அவர் பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அறைகிறார். பஸ் குலுங்கி நிற்கிறது.

"என்னா மாமா, ஒரு விசில் குடுக்கக் கூடாதா?" என்று முன்னாலிருந்து டிரைவர் அய்யனார் கத்துகிறார்.

அந்தப் பெண் தரையில் நின்று மூச்சு வாங்குகிறாள். அவள் தோளிலிருந்து குழந்தை மிரண்டுபோய் ஜேக்கப்பையே பார்க்கிறது. ஒன்றுமில்லை என்று காட்ட அவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். குழந்தை வீறிட்டு அலறுகிறது. தாய் நிமிர்கிறாள்.

"அண்ணே, உங்க வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவுதே..."

சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துக் குழந்தையின் கண்களை மூடுகிறாள்.