அறுபதாவது குச்சி

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகர நாற்றங்காலின் கண்ணாடிக் கூடத்துக்குள் காலை வெயில் ஈரமாக இறங்குகிறது. தெளிப்பான் ஒருமுறை சீறி அடங்குகிறது. மேசைமேல் அறுபது சின்னத் தொட்டிகள். ஐம்பத்தொன்பதில் குச்சிகள் கறுத்துவிட்டன. மலைச்சரிவில் வெட்டியெடுத்து, அடியை வேர்விடச் செய்யும் பொடியில் தோய்த்து ப்ரோன்வின் இவற்றை நட்டுப் பதினோரு வாரம் ஆகிறது. வெட்டிய மறு வாரமே காட்டுத்தீ வந்து தாய்ச்செடியைத் தின்றுவிட்டது. அந்த இனத்தில் உலகத்திலேயே மிஞ்சியிருந்தது அந்த ஒரு செடிதான். "மிச்சமிருக்குற அந்த ஒரு குச்சிமேலயும் ஆசை வைக்காதடி," என்கிறாள் கூட வேலை பார்க்கும் கொலீன். "இலை இன்னும் பச்சையாத்தானே இருக்கு?" என்கிறாள் ப்ரோன்வின். "ஃபிரிட்ஜ்ல வச்ச கீரையும்தான் பச்சையா இருக்கு." ப்ரோன்வின் கடைசிக் குச்சியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுக்கிறாள். வரவில்லை. இன்னொரு முறை இழுக்கிறாள். அடியில் ஏதோ மண்ணைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. தொட்டியை உள்ளங்கையில் சாய்த்துத் தட்டுகிறாள். ஈர மணல் உதிர்கிறது. வெட்டுப்பட்ட நுனியிலிருந்து தையல் நூல் பருமனில் ஒரு வெள்ளை வேர் நெளிந்து இறங்கியிருக்கிறது. கொலீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிகிறாள். "மூச்சை அந்தப் பக்கமா விடுடி," என்கிறாள் ரகசியம்போல, "அதுமேல படப்போவுது."