மூளைக் கஞ்சி

“கிண்ணத்திலை ஒரு சொட்டும் மிஞ்சப்படாது, பிள்ளை. நீ குடிக்கிற ஒவ்வொரு மிடறும் என்ரை பேரன்ரை மூளைக்குப் போகுது.”

“ஓம் மாமா. ஆறவைச்சுக் குடிக்கிறன்” என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மருமகள் சுபாஜினி வழக்கம்போலக் குசினிக்குப் பின்பக்கம் போனாள். சற்று நேரத்தில் வழித்துத் துடைத்த கிண்ணம் திரும்பி வந்தது. முத்துக்குமாருவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

முத்துக்குமாரு ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர். அதிகாரம் பண்ண ஆளில்லாமல் தவித்தவருக்கு, பேரன் பிரவீணன் பிறந்ததும் யூரியூப்பில் ஞானம் பிறந்தது. தாய் தின்பது பாலாகும், பால் மூளையாகும். அதுவரை சரி. மிச்சத்தை அவரே சேர்த்துக்கொண்டார். மீன் தின்றால் பிள்ளைக்குக் கிரந்தி வரும், மூளை மந்தமாகும். ஆகவே மருமகளுக்கு மீன் கிடையாது; வல்லாரையும் பாதாமும் அரைத்துவிட்ட கஞ்சி, காலையும் மாலையும். வல்லாரை வாங்கத் திருநெல்வேலிச் சந்தைக்குத் தானே போய்வந்தார்.

பால் கொடுக்கிற தாய்க்கு மீன் நல்லதென்று கிளினிக்கில் மிட்வைஃப் சொன்னதை மருமகள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

“உந்த மிட்வைஃபைப் படிப்பிச்ச ரீச்சரை நியமிச்சதே நான்தான்” என்றார். கதை அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு சுபாஜினிக்குத் தையலில் ஆசை வந்தது. மத்தியானத்தில் பக்கத்து வீட்டு றொசாந்தியிடம் தையல் பழகப் போவாள். மாதக்கணக்காகப் பழகியும் ஒரு சட்டை தைத்ததாகக் காணோம்.

அந்த வீட்டில் முத்துக்குமாருவுக்கு அடங்காத ஒரே சீவன், குசினிக்குப் பின்னால் கட்டியிருந்த மறியாடு. கயிற்றை அவிழ்க்கப் பழகியிருந்தது. கேற்றின் கொளுக்கியை அவர் மாற்றினார். அடுத்த நாளே அதையும் மூக்கால் தட்டித் திறந்தது. றோட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவருடைய குறோட்டன் செடியைக் கடித்தது.

பிரவீணனுக்குப் பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டையைப் பிள்ளையின் தலையில் கொட்டுகிற சடங்கு நாளில், சொந்தபந்தம் சூழ, பிள்ளைக்கு முன்னால் தட்டம் வைத்தார்கள். அதில் பேனை, சங்கிலி, விளையாட்டுக் கார். பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுவே அதன் எதிர்காலம்.

முத்துக்குமாரு தொண்டையைச் செருமினார். “பேனையைத் தொட்டால், சுபாஜினிக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கஞ்சி. வேறை எதைத் தொட்டாலும் நாளைக்கே நிப்பாட்டுறன்.”

சுபாஜினி மெல்லக் காரைப் பிள்ளைக்குக் கிட்டவாகத் தள்ளி வைத்தாள்.

பிள்ளை காரைத் தட்டிவிட்டு, எட்டிப் பேனையைப் பிடித்தது.

சனம் கைதட்டியது. முத்துக்குமாரு மாலைக் கஞ்சிக் கிண்ணத்தை வெற்றிக் கேடயம்போல ஏந்திக்கொண்டு எழுந்தார்.

“இந்தக் கஞ்சி போன இடத்தின்ரை கெட்டித்தனத்தைப் பாருங்கோ!”

‘டக்’ என்று கேற் திறந்தது. மறியாடு உள்ளே வந்தது. குறோட்டனைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொழுக்கட்டையை முகரவும் இல்லை. சனத்தை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்து, கிண்ணத்துக்குள் வாயை வைத்தது.

“எடியே, இதுக்கு ஆர் இந்தப் பழக்கம் பழக்கினது?”

சுபாஜினி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“குடிக்கட்டும் மாமா, பிள்ளை பிறந்த நாளிலையிருந்து அதுதானே குடிக்குது. எனக்கு றொசாந்தி அக்கா வீட்டுச் சூடைமீன் குழம்பு போதும்.”