பனியேரியில் முழுக்கு

பொற்செல்வி திவாகரைக் கட்டிக்கொண்ட அன்று, அவள் அப்பா சொந்தபந்தங்களுக்கு முன்னால் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, "அவளத் தலமுழுகிட்டேன்" என்றார். அன்றிலிருந்து அந்தத் தண்ணீர் அவள் மேல்தான் சொட்டிக்கொண்டிருந்தது. இன்று விடிந்ததும் அவளும் திவாகரும் மலையேறத் தொடங்கியிருந்தார்கள். பனிப்பாறை உருகி நிறையும் ஏரிக்குப் போகிற பாதை செங்குத்தாக இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் சரளைக்கல் சரிந்தது. மூச்சு வாங்க அவள் உட்கார்ந்தபோது திவாகர் திரும்பிப் பார்த்து, "ஒன்னால ஆகாதுன்னு அப்பவே சொன்னேன். ஒங்கப்பா செஞ்சது சரிதான், சொன்ன பேச்சக் கேக்குற ஜென்மமா நீ?" என்றான். அவள் எழுந்தாள். அதற்குப் பிறகு எங்கேயும் உட்காரவில்லை. ஏரிக்கரைக்கு அவனுக்கு முன்னால் அவள்தான் வந்து சேர்ந்தாள். வெளிறிய பச்சைத் தண்ணீரில் பனிக்கட்டிகள் மிதந்தன. ஏற்கெனவே சுற்றிப் பார்க்க வந்திருந்தவர்கள் விரலை நனைத்துப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டிருந்தார்கள். அவள் ஷூவையும் ஸ்வெட்டரையும் கழற்றிப் பாறைமேல் போட்டாள். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் நடந்துபோய், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். எழுந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது, பற்கள் தந்தியடித்தன. திவாகர் துண்டை விரித்தபடி கரையில் ஓடிவந்தான். "பைத்தியமாடி ஒனக்கு? வெறச்சே செத்துருவ, மேல வா!"

"எங்கப்பாவத் தலமுழுகிட்டேன்."

"அதான் முழுகியாச்சுல்ல, வா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மறுபடியும் மூக்கைப் பிடித்தாள்.