போயிட்டு வாரேன்

இந்திப் பட விருது விழாவில் சிறந்த நடிகை விருது மிதாலிக்குக் கிடைத்தது. மிதாலி கணினி உருவாக்கிய, ஒளியால் ஆன உருவம். குரலும் பேச்சும் மட்டும் தாராவி சேர்மக்கனியுடையவை; அவளுடைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணினி கற்றுக்கொண்டவை. முப்பது வருடம் பின்னணி பேசிய சேர்மக்கனி, போன தீபாவளிக்கு முன் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணை மூடிவிட்டாள்.

மிதாலி இயக்குநருக்கு நன்றி சொன்னாள், தயாரிப்பாளருக்குச் சொன்னாள். சேர்மக்கனியின் பெயர் வரவில்லை. வீட்டில் டிவி முன் இருந்த அவள் கணவர் தவசிமுத்துவின் முகம் சுண்டிப்போனது.

கடைசியில் மிதாலி கும்பிட்டு, "ஜாக்கே ஆத்தி ஹூன்" என்றாள். விடைபெறும்போது இந்திக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அரங்கம் சிரித்தது.

"எத்தன தடவ திருத்துனாலும் அம்மா இந்தியிலயும் இப்படித்தானப்பா சொல்லும், 'போயிட்டு வாரேன்'னு" என்றாள் மகள்.

தவசிமுத்து எழுந்து டிவியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரி கனி, போயிட்டு வா."